கொடுத்தவளின் ரத்தம்

"உன்ற ரத்தத்துக்குக்கூட வாய் நீளம் அம்முணி, அங்க போயும் சண்டை கட்டுது பாரு" என்று கந்தவேல் மாமா சொன்னார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், பக்கத்து நாற்காலியிலிருந்த அப்பாவும் சேர்ந்து சிரித்தார், சிரித்து முடித்து இரண்டு பேரும் கீழே டீ குடிக்கப் போய் வெகுநேரம் ஆகியும் கோகிலவாணிக்குக் காதுமடல் கொதிப்பது நிற்கவில்லை. கேட்டிருக்கலாம். மாமா, போன வாரம் பிளேட்லெட் கொடுக்க ஆள் வேணும்னு சொன்னப்போ, சர்க்கரை, பிரஷர், காலையில ஒண்ணும் சாப்பிடலைன்னு வரிசையா சொல்லிட்டுப் படியிறங்கினீங்களே, உங்க ரத்தத்துக்குக் கால் நீளமா என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருக்கிறான் என்பதற்காக விழுங்கினாள், விழுங்கியது இப்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே எங்கேயோ நின்றுகொண்டு எரிகிறது. கரூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த இந்த ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் ஏசி காற்று பினாயில் வாசனையோடு முகத்தில் அடித்தது. எதிரே இரட்டைக் கதவு. அதற்குள் இன்னொரு கதவு. அதற்குள் கண்ணாடி அறையில் நவநீதன். ரத்தப் புற்று. அவனுடைய மஜ்ஜையை மருந்து கொடுத்து மொத்தமாகச் சுட்டெரித்துவிட்டு அந்த இடத்தில் தங்கையின் ஸ்டெம் செல்லை ஏற்றியிருக்கிறார்கள். அது பிடித்துக்கொண்டது, முளைத்தது, எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்தார்கள். இன்றைக்குக் காலையில் வேறொரு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். டாக்டர் ஹெப்சிபா வந்து முடிவைச் சொல்ல வேண்டும். நல்லபடியாக இருந்தால் வியாழக்கிழமை வீடு. இல்லாவிட்டால். இல்லாவிட்டால் என்பதற்கு அடுத்த வார்த்தைக்குள் நுழைய மனசு மறுத்தது, திரும்பி மாமாவிடமே வந்து நின்றது, மாமாமேல் கோபப்படுவது எத்தனையோ சுலபமாக இருந்தது.

சண்டை என்ற வார்த்தையைக் கொடுத்ததே டாக்டர்தான், அவரையும் சொல்ல வேண்டும். காலையில் நடைபாதையில் நிறுத்தி, அப்பாவுக்குப் புரிய வேண்டுமே என்று விரலையெல்லாம் ஆட்டி விளக்கினார். "பாப்பாவோட செல்லு புது ஊருக்குப் போயிருக்கு. அங்க இருக்கறதையெல்லாம் பார்த்து, யார்டா நீங்கன்னு கேக்கும். சில பேருக்குக் கேட்டதோட விட்ரும். சில பேருக்கு அடிக்க ஆரம்பிக்கும். தோல், ஈரல், குடல். குடல்தான் மோசம். குடலோட உள்பக்கம் அடி வாங்கினா, வெளியில எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே ஒரு புரதம் ரத்தத்துல கசிஞ்சு வந்துரும். அதைத்தான் அளந்து பாக்கப்போறோம். இது எல்லா இடத்துலயும் இன்னும் வழக்கத்துக்கு வரலை, எங்க லேப்ல செய்றோம்." அப்பா தலையாட்டினார். அவருக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, பாப்பாவின் செல் அடிக்கும். அதை மாமாவிடம் சொன்னார். மாமா அதற்கு வாயும் நீளமும் சேர்த்தார். புள்ளியியல் படிக்கிறாள் அவள், பாரதியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு, முன்கூட்டிச் சொல்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், இது ஜோசியமும் இல்லை தீர்ப்பும் இல்லை, இந்த அளவு வந்த நூறு பேரில் இத்தனை பேருக்கு இப்படி ஆனது என்பதுதான், இன்னும் பரிசோதிக்க வேண்டும், கூடவே வேறு அடையாளங்களையும் பார்க்க வேண்டும், இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தபோது அப்பா, "நீ சித்த சும்மா இரு கண்ணு, டாக்டரு பேசட்டும்" என்றார். சும்மா இரு. இவள் உடம்பிலிருந்து எடுத்ததைப் பற்றிய பேச்சில் இவள் சும்மா இருக்க வேண்டும். அது சும்மா இருக்கவில்லை என்பதுதான் பிரச்சினையே.

யார் கேட்டார்கள். அதைத்தான் அவள் மனசு சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொள்கிறது. அண்ணனுக்கும் இவளுக்கும் முழுப் பொருத்தம் என்று முடிவு வந்த அன்றைக்கு அப்பா போனில், "செரிங்க டாக்டர், அவ குடுப்பாளுங்க, எப்ப வரோணும்" என்றார். இவள் அதே அறையில்தான் இருந்தாள், துணி மடித்துக்கொண்டு. அவ குடுப்பா. மாட்டேன் என்று சொல்லியிருக்கப்போவதில்லை, சத்தியமாக இல்லை, ஆனால் சரி என்று சொல்லும் அந்த ஒரு நொடியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்களே. ஆஸ்பத்திரியில்தான் ஒரு அம்மாள், ஆலோசகர், அவளைத் தனியறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுல சொன்னாங்கன்னு இல்ல, உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள், அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார், இஷ்டந்தான், இஷ்டந்தான், கேட்டீங்க பாருங்க அதுக்குத்தான் அழறேன் என்று விளக்குவதற்குள் மூக்கு ஒழுகி அசிங்கமாகிவிட்டது. பிறகு ஊசிகள். தொடையெலும்பும் இடுப்பும் காய்ச்சல் வந்ததுபோல் குடைந்தன. இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு கை வழியாக ரத்தம் மெஷினுக்குப் போய் மறு கை வழியாகத் திரும்பி வர, மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாமல் கிடந்தாள், அம்மாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டாள். மேலே தொங்கிய பை நீர்விட்ட தக்காளிச் சாறு போல மெல்ல நிறைந்தது. அப்போது மாமா வந்தார். பையைப் பார்க்கவில்லை. அப்பாவைத் தள்ளிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "வெளிய யாருக்கும் சொல்லிப்போடாதீங்க மாப்ள, நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப எலும்புல ஏதோ எடுத்தாங்கன்னு பேச்சு வந்துரும்" என்றார். அண்ணனுக்கு வந்ததும் ஊரில் மஞ்சள் காமாலைதான். கரூரில் ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் குடும்பத்தில் நோய்க்குப் பெயர் கிடையாது, சம்பாத்தியத்துக்கும் அழுகைக்கும் கிடையாது, பெரியப்பா மகளின் விவாகரத்துக்கு அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள் என்று பெயர். மூடு, மூடிவை, துணியைப் போட்டு மூடு. மூடத் தெரியாத ஒருத்தி வீட்டில் பிறந்துவிட்டாள், அவளுக்கு வாய் நீளம்.

வியாழக்கிழமையை யார் குறித்தார்கள். அதுவும் டாக்டர் இல்லை. அதற்கடுத்த நாள் ஆடி பிறக்கிறது. மாடியில் அண்ணனுக்கென்று தனி அறை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், தூசி ஒட்டாத டைல்ஸ், தனிக் குளியலறை, கொசுவலை அடித்த ஜன்னல், எல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னபடி. புது அறைக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஆடியில் காய்ச்சக் கூடாது. ஆகவே அதற்கு முன்னால் அவன் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்துவிட வேண்டும். அண்ணனின் வெள்ளை அணுக்களைவிட, பிளேட்லெட்டைவிட, இவளுடைய ரத்தம் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைவிட, அப்பாவின் போனில் இருக்கும் நாள்காட்டிப் படம் பெரிது. ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸில் டாக்டரிடம், "வியாழக்கிழமை உட்ருவீங்கள்ல?" என்று கேட்டுக் கேட்டு அவர் வாயிலிருந்தே, "இப்படியே இருந்தா பாக்கலாம்" என்று வாங்கியாகிவிட்டது. இப்படியே இருந்தால். அந்த வார்த்தையை அப்பா அம்மாவிடம் சொன்னார், அம்மா அண்ணனிடம் சொன்னாள், உள்ளே அம்மாதான் அவனோடு இருக்கிறாள், முகமூடியும் நீல அங்கியும் போட்டுக்கொண்டு, வெளியே வராமல். நான் இருக்கிறேன் அம்மா, நீ போய்ப் படு என்று இவள் எத்தனை தடவை கேட்டாகிவிட்டது. "ஆம்பளப் பையனுக்கு நீ எப்படி அம்முணி எல்லாம் பாப்பே." ரத்தம் கொடுக்கலாம், சட்டி எடுத்துக் கொட்டக் கூடாது.

ஆகவே அவள் வேலை லுங்கி. காலையில் அம்மா போன் செய்து இன்னும் நாலு லுங்கி வேணும் என்றாள், பருத்தி, மெல்லிசா. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் வாங்கி, தங்கியிருக்கும் வாடகை அறைக்கு எடுத்துப்போய் சுடுதண்ணீரில் அலசி, இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்து, சூடு ஆறுவதற்குள் சுத்தமான பையில் கட்டி, சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் கொடுத்துவிட்டு வந்தாள். லுங்கியைத் தேய்க்கும்போதும் கோபம்தான். பிஎச்டி நுழைவுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், கட்டம் போட்ட துணியின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து. முந்தாநாளும் நாலு. அதற்கு முன்னால் ஒரு வாரத்துக்கே ரெண்டு. நாலு லுங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான், கொடி கட்டி ஆட்டுகிறானா. அண்ணன் சுத்தக்காரன், அது வேறு. வண்டியில் ஒரு சேற்றுப் பொட்டு இருந்தால் பனியனோடு இறங்கித் துடைப்பான், இவள் அவன் துண்டைத் தொட்டால் இரண்டு நாள் பேச மாட்டான், அந்தத் துண்டுக்காகவே சண்டை போட்டு ஒருதடவை இவள் அவன் கையைக் கடித்தாள், பல் பதிந்த தடம், அம்மா இவள் வாயில்தான் அடித்தாள். இப்போது பல் தேவைப்படவில்லை. உள்ளேயே இருக்கிறாள். நினைப்பு அங்கே போய்ச் சறுக்கியது. நான் கடிக்கிறேனா. தோலுக்குக் கீழே, ஈரத்துக்குள்ளே, இருட்டில், பெயர் தெரியாத ஏதோ ஒன்று என் ஜாடையோடு உட்கார்ந்து அவன் குடலைக் கடித்துக்கொண்டிருக்கிறதா. முட்டாள்தனம், செல்லுக்குக் குணம் கிடையாது, மாமாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே, நீ படித்தவள்தானா. ஆனாலும் கையைப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஊசி போட்ட இடம் பச்சை படிந்து மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது. நேற்று வீடியோ காலில் அண்ணன் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். அரிப்பு. அம்மா போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "சாப்புட்டயா கண்ணு?" என்றாள். அம்மா அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு எவ்வளவு நாளாகிறது. அதற்கே மனசு இளகி, நீ சாப்பிட்டயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். வைத்திருக்கக் கூடாதோ. ஏன் வைத்திருக்கக் கூடாது. ஏதோ ஒன்று தட்டுகிறது, கையில் அகப்படாமல் நழுவுகிறது, மறுபடியும் லுங்கிதான் வந்து நிற்கிறது, நாலு லுங்கி.

டாக்டர் ஹெப்சிபா இரட்டைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தபோது லிஃப்டிலிருந்து அப்பாவும் மாமாவும் வந்தார்கள், மாமா வாயில் இன்னும் பஜ்ஜி. டாக்டர் உட்காரவில்லை. "அந்த அளவு ஜாஸ்தியாதான் வந்திருக்கு" என்றார். "அபாயம் அதிகம்னு சொல்ற பக்கம்." அப்பா இரண்டு கையையும் கூப்பினார், எதற்கென்று அவருக்கே தெரியாமல். "ஆனா ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலை. அதான் யோசிக்கிறேன். குடலைத்தான் தாக்குதுன்னா வயித்தால நிறையப் போகணும். நாங்க குடுவையில பிடிச்சு அளந்துதான் பாக்கறோம், சிஸ்டர் தினமும் சொல்றாங்க, அவனுக்குக் கொஞ்சம்தான் போகுது. மருந்துனாலயும் அந்த அளவு போகலாம்." "அப்ப பயமில்லீங்களா?" என்றார் மாமா. "அப்படிச் சொல்லலை. ரத்தம் ஒண்ணு சொல்லுது, குடுவை ஒண்ணு சொல்லுது. டியூப் விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிரும், ஆனா பிளேட்லெட் இவ்வளவு கீழ இருக்கறப்ப நிக்காம ரத்தம் போயிரும். சும்மா ஸ்டீராய்டை அதிகமா ஏத்தவும் முடியாது. இப்பதான் முளைச்ச எதிர்ப்பு சக்தி, அதை அமுக்கிட்டா சாதாரண பூஞ்சை போதும் ஆளைக் கொண்டுபோக. குடல்ல சண்டை இல்லாம நான் அதைக் குடுத்தா தப்பு. சண்டை இருந்து நான் குடுக்காம விட்டா அதைவிடத் தப்பு. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்னு நினைக்கிறேன்." "பாருங்க" என்றார் அப்பா, அவர் குரலில் வெளிச்சம் வந்துவிட்டது, "ரெண்டு நாளுன்னா வியாழக்கிழமைதானுங்க."

சிரித்துவிட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தம் ஒன்று சொல்கிறது குடுவை ஒன்று சொல்கிறது. இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் என்ன கேட்க வேண்டும், முதலாம் ஆண்டு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது, எந்த அளவை யார் எடுத்தது. ரத்தத்தை ஊசி போட்டு எடுத்தது நர்ஸ். குடுவையில் ஊற்றுவது அம்மா. கொஞ்சம் போகிறவனுக்கு எதற்கு நாலு லுங்கி. எதற்கு மெல்லிசாய், சீக்கிரம் காய்கிற மாதிரி. எதற்குப் போனைத் திருப்பினாய் அம்மா, எதற்கு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டாய். அம்மா தண்ணீர் திறந்துவிடும் சத்தத்தோடு சேர்த்து எதைக் கொட்டினாள் என்று இங்கிருந்தே தெரிந்தது, கண்ணால் பார்த்ததுபோல, இப்படியே இருந்தால் வியாழக்கிழமை வீடு, அதற்காக அப்படியே இருக்கவைத்திருக்கிறாள், குடுவையை. மாமாவும் அம்மாவும் அப்பாவுமாகச் சேர்ந்து வருஷக்கணக்காக மூடிப் பழகிய கை. சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகும். தப்பாகவும் இருக்கலாம், கண்ணால் பார்க்கவில்லை, வெறும் லுங்கிக் கணக்கு. தப்பாயிருந்து அவர் அந்த மருந்தை ஏற்றிப் பூஞ்சை வந்து அவன் போய்விட்டால், அதுவும் இவள் வாயால்தான். சும்மா இருந்தாலும் இவள் ரத்தத்தால்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தானே நின்றுகொண்டிருந்தாள், வழியை மறித்துக்கொண்டு. "டாக்டர்" என்றாள், குரல் கீச்சென்று வந்தது, "குடுவையை நம்பாதீங்க." "கோகி!" என்றார் அப்பா. "எங்கம்மா பாதியை முன்னாடியே கொட்டிடறாங்கன்னு நினைக்கிறேன். முந்தாநாளிலிருந்து எட்டு லுங்கி கொடுத்திருக்கேன். உள்ளங்கை அரிச்சுக்கறான், நேத்து நானே பார்த்தேன்." மாமா பஜ்ஜியை விழுங்கிவிட்டு, "பெத்த தாயைப் போயி, டாக்டர் முன்னால, பொட்டப்புள்ள பேசற பேச்சா இது" என்று ஆரம்பித்தார். "நீங்க சித்த சும்மா இருங்க மாமா" என்றாள், "டாக்டர் பேசட்டும்."

டாக்டர் விடுவிடுவென்று உள்ளே போனார், இவர்கள் பின்னால் ஓடினார்கள், கண்ணாடிவரை. கண்ணாடியோரம் இருந்த இன்டர்காம் போனை அவர்தான் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, முகமூடிக்கு மேலே கண் மட்டும். "அம்மா, நான் திட்ட வரலை. எவ்வளவு போகுது? உண்மையா." "நான் ஒண்ணும் கொட்டலீங்க" என்றாள் அம்மா, யாரும் கொட்டியதாகச் சொல்வதற்கு முன்னால். பிறகு கண் இவள்மேல் வந்து நின்றது. "குடுவை நெறஞ்சுருமுங்க" என்றாள். "நெறஞ்சு இன்னொருக்காவும் நெறையுமுங்க. பச்சையாப் போகுதுங்க. ராத்திரியெல்லாம் வயித்தப் புடிச்சுட்டு உக்காந்துக்கறான். சொன்னா உட மாட்டாங்கன்னு அவன்தான்... ஆடி பொறந்துருமுங்களே, டாக்டர்." அவ்வளவுதான். டாக்டர் போனை இவள் கையில் திணித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார், அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், பெரிய மில்லுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியோடு. உள்ளே அண்ணன் அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கினான். உதடெல்லாம் வெடித்திருந்தது. "உனக்கு என்னடி வந்துது? ரெண்டு நாளு. ரெண்டே நாளு பொறுத்திருந்தா நான் போயிருப்பேன்ல." "எங்க போயிருப்பே?" "இந்த ரூம்ல இன்னும் இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும் கோகி." "புடிக்கட்டும். பைத்தியமா உசிரோட இரு. கல்லெடுத்து எறி, நான் வாங்கிக்கறேன்." "உன்னை யாரு கேட்டா?" "யாரும் கேக்கலை. எப்பவுமே கேக்கலை. நீயும் கேக்கலைடா அண்ணா, நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். "உள்ள ஓடறது என்னோடது. அதை வெச்சுக்கிட்டு நீ சாகறதுக்கு நான் குடுக்கலை." அவன் எதையோ சொன்னான், சண்டைக்காரி என்றுதான் இருக்க வேண்டும், அதற்குள் போன் அவன் கையிலிருந்து நழுவிக் கட்டிலின் ஓரத்தில் தொங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அம்மா இவளைப் பார்க்கவே இல்லை, அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மருந்து வந்தது. சின்னப் புட்டி, நர்ஸ் அதைத் தலைகீழாக மாட்டி, விரலால் குழாயைச் சுண்டினாள். திரும்பி வந்த டாக்டரிடம் கோகிலவாணி, இது கேட்குமா என்றாள். "பாதிப் பேருக்குக் கேக்குது. உன் செல்லை அமுக்கத்தான் இது. அதுங்க அமுங்கினா அவன் குடல் பிழைக்கும். சீக்கிரம் ஆரம்பிச்சுட்டோம், அது நல்லதுதான். மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாதும்மா." பாதிப் பேர். அவளுக்குத் தெரியும், பாதி என்றால் என்னவென்று, அதில் ஆறுதலும் இல்லை அச்சமும் இல்லை, காசைச் சுண்டிவிட்டு அது விழுவதற்காகக் காத்திருப்பது. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள், கண்ணாடி சில்லென்றிருந்தது. சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. போய்க்கொண்டிருந்தது, இவளை அமுக்க, குழாய் வழியாக, கழுத்து வழியாக, அவனுக்குள் இருக்கிற இவளை. அடங்கு, என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்து கண்ணாடியில் மூச்சுப் படிந்தது. பிறந்ததிலிருந்து வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் யார் யாரோ அவளிடம் சொன்ன சொல். ஒருதடவைகூட அவள் கேட்டதில்லை. அது தெரிந்துதான், தெரிந்ததனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள், அடங்கு, அடங்கித் தொலை, என்னைப் போல இருந்துவிடாதே.